சேர்வராயன் மலையும் பட்டாளத்துப் பட்டு நாடாக்களும்

முன்னோரின் பெருமையைப் பேசுவதில் நாம் எவர்க்கும் பின்னடைந்தவரல்லேம். ஆயினும், அப்பெருமைக்குச் சான்றாக நம் வீடுகளிலே கிடக்கும் சிறு பொருள்களைப் பேணுவதில் நாம் மிகவும் அசட்டையாக இருக்கின்றோம். பட்டாளத்திலிருந்து மீண்ட பாட்டன்மார் மார்பில் அணிந்த பதக்கங்களும், அவற்றைத் தாங்கிய பட்டு நாடாக்களும் அத்தகையனவே. அவற்றின் வரலாற்றையும், நைந்த நாடாவை மாற்றும் முறையையும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இதனை எழுதத் தூண்டியது ஏற்காட்டில் நாம் கண்ட ஒரு காட்சியாகும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் மூடுபனி வீட்டுக்குள்ளும் புகும். காப்பித் தோட்டத்தை அடுத்த ஓர் இல்லத்திலே, தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டினர். அதன் நாடா பூஞ்சணம் பிடித்து, தொட்ட இடத்தில் இழை இழையாகப் பிரிந்தது. பதக்கமோ வெள்ளியன்று, வெண்கலம். "எங்கள் பாட்டனார் போர்வீரர் என்றே சொல்லி வந்தோம். பிறர் வீட்டில் இருப்பது வெள்ளி, இது வெண்கலம். அவர் கூலியாளாகப் போனவர் என்று ஒருவர் கூறிவிட்டார். அன்று முதல் இதனை வெளியே எடுப்பதில்லை" என்று அவ்வீட்டார் தலைகுனிந்து கூறினர். அவ்வெட்கம் வேண்டுவதன்று என்பதற்கு அந்த நைந்த நாடாவே சான்று. அஃது எங்ஙனம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

வீரரைக் குறியிட்டுப் போற்றுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1965-ஆம் ஆண்டுவரை சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த தருமபுரிப் பகுதியிலே, எழுத்துப் பொறித்த நடுகற்கள் பல உள. வீழ்ந்தவன் யார் என்பதை அவை இன்றும் கூறுகின்றன. நடுகல் இறந்தவனுக்கு உரியது. பதக்கமோ உயிரோடு மீண்டவனும் அணிவது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் சிப்பாய்களுக்குப் பதக்கம் வழங்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். ஹைதர் அலியுடன் நிகழ்ந்த யுத்தத்திற்கும், 1792-இல் முடிவுற்ற மூன்றாம் மைசூர் யுத்தத்திற்கும் அவர்கள் அளித்த பதக்கங்கள் மஞ்சட் கயிற்றில் கோக்கப்பெற்றுக் கழுத்திலே தொங்கின. அந்த 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையினாலேயே சேலமும் பாரமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்தன. காப்டன் ரீடு அவற்றை ஆள நியமிக்கப்பட்டார். ஆகவே சேர்வராயன் மலை கைமாறிய போருக்கும் ஒரு பதக்கம் உண்டு என்பது அறியத்தக்கது.

பின்னர்க் கயிறு போய் நாடா வந்தது. 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் நின்ற எல்லாப் படியினர்க்கும் பிரிட்டிஷ் அரசு ஒரே பதக்கம் வழங்கிற்று. அதன் நாடா கருஞ்சிவப்பும் நீலக் கரையும் உடையது. 1837-இல் கம்பெனியார் இந்தியச் சிப்பாய்களின் வீரத்திற்கென ஏற்படுத்திய 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் விருதிற்கு நீல நாடாவும் சிவப்புக் கரையும் அமைந்தன. இங்ஙனம் ஒவ்வொரு யுத்தத்திற்கும் ஒவ்வொரு நிற வரிசை ஏற்பட்டது. சாதாரண உடுப்பில் பதக்கம் இராது. நாடாத் துண்டு மட்டுமே மார்பில் தைக்கப்பட்டிருக்கும். அதனைக் கண்ட அளவில், இவர் எந்நாட்டில் எந்தப் போரில் பணியாற்றினார் என்பதைப் பட்டாளத்தார் படித்துக்கொள்வர். நாடா ஓர் எழுத்தில்லாச் சாசனம் எனலாம்.

நம் பழைய சென்னை மாகாணத்தார்க்கு இச்சாசனம் பிறர்க்கினும் இன்றியமையாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, வடக்கிலுள்ள சில வகுப்பாரே போர்க்குலத்தார் என்றும், தென்னாட்டார் போருக்கு ஆகார் என்றும் ஒரு கொள்கை படைத்தலைவரிடையே பரவிற்று. சென்னைப் படையின் தலைவராக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையினர். அதன் பயனாகத் தென்னாட்டுப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1928-க்குள் மதராஸ் ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது. சாப்பர் படை மட்டும் பெங்களூரில் நிலைத்து நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆள் தேவைப்படவே மதராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது. நீலகிரியிலுள்ள வெலிங்டன் அதன் நிலையமாயிற்று. தென்னாட்டார் போருக்கு ஆகார் என்ற சொல்லுக்கு மறுமொழி நம் பெட்டிகளில் மடித்துக் கிடக்கும் நாடாக்களே.

இனி அவ்வெண்கலப் பதக்கத்திற்கு வருவோம். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்திற்காக 1919-இல் ஏற்பட்ட 'பிரிட்டிஷ் வார் மெடல்' சுமார் 65 லட்சம் பேர்க்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. இந்தியா, சீனம், மால்ட்டா முதலிய இடங்களிலிருந்து சென்ற தொழிற்படையினர்க்கு அதுவே வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அவை சுமார் 110,000. உலோகத்திலே உயர்வு தாழ்வு காட்டிய துரைத்தனத்தார் நாடாவிலே அது காட்டவில்லை. நடுவில் ஆரஞ்சு நிறம், இரு புறமும் வெள்ளை, கருப்பு, ஓரத்தில் நீலம் என்ற அதே பட்டு நாடாவே இரண்டிற்கும் உரியது. பாலம் கட்டியவனும், மூட்டை சுமந்தவனும், துப்பாக்கி ஏந்தியவனும் மார்பில் ஒரே நிறத்தை அணிந்தனர். சாலை அமையாமற் படை நடவாது. சோறு சேராமல் வீரன் நில்லான். இதனை அவ்வில்லத்தார்க்கு எடுத்துரைத்து, பதக்கத்தின் விளிம்பிலே பொறித்திருந்த எண்ணையும் பெயரையும் படித்துக் காட்டினோம். பாட்டனாரின் பெயரைக் கண்டு அவ்வீட்டு மூதாட்டியார் கண்ணீர் உகுத்தனர். வெள்ளிப் பதக்கம் பெற்ற குடும்பங்கள் பலவற்றில் அது உருக்குக் குகைக்குப் போய்விட்டதென்பதையும் நினைவூட்டினோம். வெண்கலமாதலின் இது தப்பியது போலும்!

நாடாவை மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உள. முதலாவது, பழைய நாடாவைத் துவைத்தல் ஆகாது. பட்டுச் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும். தையலை மெல்லப் பிரித்து, மெல்லிய வெள்ளைத் தாளில் வைத்து, எதன் நாடா என்று எழுதிப் பாதுகாத்தல் வேண்டும். நைந்ததாயினும் அவர் அணிந்தது அதுவே.

இரண்டாவது, அளவு. பெரும்பான்மைப் பதக்கங்களின் நாடா 32 மில்லிமீட்டர் அகலமுடையது. வானவில் நிறங்களை இருபுறமும் கொண்ட 'விக்டரி மெடல்' நாடா மட்டும் 39 மில்லிமீட்டர். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மடித்துத் திணித்தல் பிழை.

மூன்றாவது, நிறத்தின் பக்கம். இதில் தையற்காரர் பலர் தவறுவர். வட ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மதராஸ் சாப்பர்கள் பெற்ற 'ஆப்பிரிக்கா ஸ்டார்' நாடா மணல் நிறம்; நடுவில் படைக்குச் சிவப்பு, ஒரு புறம் கடற்படைக்குக் கருநீலம், மறுபுறம் விமானப்படைக்கு இளநீலம். கருநீலம் இடத்தோளுக்கு அப்பால், நெஞ்சின் நடுப்புறமாக அமைதல் வேண்டும். சுதந்திர இந்தியாவின் மகாவீர் சக்கரத்திற்குப் பாதி வெள்ளை, பாதி காவி. வீர் சக்கரத்திற்குப் பாதி நீலம், பாதி காவி. இரண்டிலும் காவியே இடத்தோளை அடுத்திருக்கும். பரம வீர் சக்கரத்தின் நாடா ஒரே ஊதா நிறமாதலின் அங்கு இக்குழப்பம் இல்லை.

நான்காவது, வரிசை. உயர்ந்த விருது நெஞ்சின் நடுவை அடுத்து வரும். ஏனையவை தோளை நோக்கி முறையே தொடரும். பதக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்தலும் தகாது. விளிம்பின் எழுத்துத் தேய்ந்தால் பெயர் போய்விடும். பெயர் போனால் அது வெறும் உலோகம்.

மலைமேல் வாழ்வோர் ஈரத்திற்கும், சேலம் முதலிய சமவெளியில் வாழ்வோர் வெயிலுக்கும் அஞ்சுதல் வேண்டும். ஈரம் பட்டை மக்கச் செய்யும். வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும். தகரப் பெட்டியின் அடியும் சுவரின் ஆணியும் இதற்கு உரிய இடங்களல்ல. காற்றோட்டமுள்ள மரப்பெட்டியில், வெளிச்சம் படாமல் வைத்து, மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நலம்.

நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியை இம்மாதமே திறந்து பார்ப்பாராக. பதக்கம் இருப்பின் அதன் விளிம்பிலுள்ள எண், பெயர், படை ஆகியவற்றைப் பிழையற எழுதி வைப்பாராக. வெள்ளியோ வெண்கலமோ, சுபேதாரோ சுமையாளோ என்று வேற்றுமை பாராட்ட வேண்டா. அயல்நாட்டு மண்ணிலே நம்மவர் நின்றனர், மீண்டனர் என்பதே நாம் நினைக்கத் தக்கது. ஏற்காட்டு இல்லத்து வெண்கலப் பதக்கம் இப்பொழுது புதிய நாடாவுடன் பூஜை அறையை அடுத்த அலமாரியில் இருக்கின்றது. பழைய நாடா அதன் அருகே, வெள்ளைத் தாளில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது.