புரதம்–மாவுச்சத்து விகிதமும் இதயநோயும்

அன்றாட உணவின் மொத்த ஆற்றலில் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் உள்ள பங்கு, இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இரண்டும் கிராமுக்கு 4 கலோரி தருபவை. உடல் அவற்றைக் கையாளும் விதம் வேறு.

செயல்முறை: தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி, டிரைகிளிசரைடாக இரத்தத்தில் விடுகிறது. அது ஏற ஏற, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது. தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படும் கோளாறு இது.

ஆய்வுகள்: அமெரிக்காவில் 164 பேரிடம் நடந்த ஆம்னிஹார்ட் ஆய்வில் (2005), மாவுச்சத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புரதம் தரப்பட்டது, அதில் ஏறத்தாழப் பாதி தாவரப் புரதம். இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பான எல்.டி.எல்., டிரைகிளிசரைடு மூன்றும் குறைந்தன. 18 நாடுகளில் 1,35,335 பேரைத் தொடர்ந்து கவனித்த பியூர் ஆய்வு (2017), மிகுந்த மாவுச்சத்தைக் கூடுதல் இறப்பு விகிதத்தோடு தொடர்புபடுத்தியது. இதயநோயோடு தொடர்பு தென்படவில்லை. ஆனால் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றும் மாவுச்சத்து உணவுகளுக்கு அத்தொடர்பு உண்டு என அதே ஆய்வு 2021இல் காட்டியது. அளவோடு வகையும் முக்கியம் என்பது இதன் பொருள்.

இந்திய நிலை: இந்தியர் உணவில் ஏறத்தாழ 62 விழுக்காடு ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும், 12 விழுக்காடு புரதத்திலிருந்தும் வருவதாக 2025இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு கூறுகிறது. மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

விருதுநகர் வட்டாரம்: ஆனைக்குட்டத்தைச் சுற்றிலும் மானாவாரி நிலங்கள் மிகுதி. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு இம்மாவட்டத்துப் பயிர்கள். விருதுநகர் பருப்பு வணிகத்துக்குப் பேர்போன ஊர். மாவுச்சத்து மிகுந்த எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் அது பேர்போனது. தமிழக ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சாதாரண அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி. துவரம்பருப்போ மானிய விலையில் ஒரு கிலோ. ஆக, விகிதம் மாவுச்சத்தின் பக்கமே சாய்கிறது. இவ்வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் பல வேலைகள் உட்கார்ந்தே செய்பவை என்பதால், உண்ட மாவுச்சத்து செலவாகும் வழியும் குறுகுகிறது.

மாற்று: சிறுதானியமும் பெரும்பாலும் மாவுச்சத்தே என்பதால், அரிசிக்குப் பதில் குதிரைவாலி உண்பதால் மட்டும் விகிதம் மாறாது. 100 கிராம் அரிசியில் 7–8 கிராம் புரதம். பருப்பு, பயறுகளில் 20 கிராமுக்கு மேல். சோற்றைக் குறைத்துப் பயறு, சுண்டல், மீன், முட்டை, மோர் ஆகியவற்றைக் கூட்டுவதே விகிதத்தை மாற்றும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.