ஆகாயத்தில் ஒரு கணக்குப்பிள்ளை

பழைய பண்ணைக் கணக்குப்பிள்ளைகளை வாசகர்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். எஜமான் கூப்பிடும் வரை வாய் திறக்கமாட்டார்; ஏட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். கூப்பிட்டுவிட்டால் ஒரே மூச்சில் அத்தனையையும் ஒப்பித்துவிடுவார். 1958-ல் அமெரிக்கர்கள் அப்படி ஒருவரை ஆகாயத்துக்கு அனுப்பினார்கள். ஆள் எடை சுமார் அரை ராத்தல்.

அவருக்கு அவசியம் நேர்ந்த கதை இது. அவ்வருஷம் ஜனவரி 31-ந் தேதி கிளம்பிய எக்ஸ்ப்ளோரர்-1 என்னும் செயற்கைச் சந்திரனில், அயோவா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலன் ஒரு கெய்கர் கருவியை வைத்திருந்தார். வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்களை எண்ணுவது அதன் வேலை. எண்ணியதை அந்தக் கணமே ரேடியோவில் சொல்லிவிடும். கீழே கேட்பதற்கு நிலையம் இருந்தால் சரி. நடுக்கடலில் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. கிடைத்த துண்டுகளிலும் ஒரு விபரீதம்! தாழப் பறக்கையில் ஒழுங்காக எண்ணிய கருவி, தென் அமெரிக்காவுக்கு மேலே வெகு உயரத்தில் பூஜ்யம் என்றது. கதிர் இல்லையா, கருவிதான் கெட்டதா? முன்னும் பின்னும் தெரியாமல் யார் தீர்ப்புச் சொல்வது?

வான் ஆலனிடம் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் லட்விக் என்ற மாணவர் ஒரு குட்டி ஒலிநாடாக் கருவியைச் செய்து வைத்திருந்தார். நாடா விநாடிக்கு ஒரு சிறு அடியாக நகரும். நகர நகர ஒரு சுருள்வில் முறுக்கேறும். பூமியிலிருந்து ரேடியோவில் கட்டளை போனதும் வில் விடுபட்டு, நாடா சரசரவென்று திரும்பி ஓடும். உலகைச் சுற்றி வந்த சுமார் இரண்டு மணி நேரக் கணக்கு ஐந்தாறு விநாடியில் தீர்ந்துவிடும்! நிலையத்து மனிதர் அந்த ஐந்தாறு விநாடியைத் தவறவிடக் கூடாது. ராக்கெட்டின் ஆர்ப்பாட்டத்தைவிட எனக்கு இந்தச் சுருள்வில்லின் பேரில்தான் மோகம்.

மார்ச் 5-ந் தேதி நாடாவோடு போன எக்ஸ்ப்ளோரர்-2 சுற்றுப்பாதையை எட்டவேயில்லை. 26-ந் தேதி எக்ஸ்ப்ளோரர்-3 எட்டியது. முழுச் சுற்றின் பதிவு ஒன்று ஏப்ரல் தொடக்கத்தில் வாஷிங்டனில் வான் ஆலன் கைக்கு வந்தது. கட்டக் காகிதமும் அளவுகோலும் வாங்கிக்கொண்டு ஹோட்டல் அறையில் உட்கார்ந்தார். நடுநிசி தாண்டியும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, சட்டென்று பூஜ்யமாகிறது. சற்று நேரம் கழித்து மறுபடி உச்சி, பிறகு இறக்கம். கெட்டுப்போன கருவி இவ்வளவு ஒழுங்காகச் செத்துப் பிழைக்குமா?

அயோவாவில் கார்ல் மெக்கில்வெயின் என்ற மற்றொரு மாணவர் அதே மாதிரிக் குழாயை எக்ஸ்-ரே யந்திரத்தின் முன் நிறுத்திப் பார்த்தார். கதிர் அளவுக்கு மீறினால் குழாய் திணறிப்போய்ப் பூஜ்யம் காட்டியது! ஆக, ஒன்றுமில்லை என்று அது சொன்ன இடத்தில்தான் கதிர் வெள்ளமாக இருந்தது. பூமியைச் சூழ்ந்திருக்கும் அந்தக் கதிர் வளையத்தின் செய்தி மே 1-ந் தேதி வெளியாயிற்று.

ருஷ்யர்கள் முந்தியிருக்கலாம். 1957 நவம்பரில் பறந்த ஸ்புட்னிக்-2 கதிர்களை எண்ணத்தான் செய்தது. ஆனால் நாடா இல்லை. தங்கள் தேசத்துக்கு மேலே தாழப் பறக்கையில் சொன்னது மட்டுமே அவர்கள் காதில் விழுந்தது. 1958 மே 15-ந் தேதி போன ஸ்புட்னிக்-3-ல் நாடாவும் வைத்தார்கள். கிளம்புமுன் சோதனையிலேயே அது மக்கர் செய்தது. அப்படியே ஏவிவிட்டார்கள்.