பாண்டி நாட்டுக் குதிரைகளும் குளம்புக் கலையும்

பண்டைத் தமிழ் வேந்தரின் நால்வகைப் படையுள் குதிரைப் படை சிறப்பிடம் பெற்றிருந்தது. ஆயின் தமிழகம் நற்குதிரைகளை ஈன்ற நாடன்று. அவை கடல் கடந்து வந்தன என்பதற்குப் பட்டினப்பாலை சான்று பகரும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பெரும் பொருளைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையிலே கோயிற் பணியிற் செலவிட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. அவ்வரலாற்றுள், அரசனது கருவூலப் பொருள் துறைமுகத்தை நோக்கிக் குதிரைக்காகச் சென்றுகொண்டிருந்தது என்னும் செய்தியும் அடங்கியுள்ளது. அங்ஙனம் வாங்கப்பட்ட குதிரைகள் பின் என்னவாயின என்பது பலராலும் ஆராயப்படாத வினா.

இவ்வினாவுக்கு விடை தருவோருள் முதல்வர் வெனிசு நகர யாத்திரிகரான மார்க்கோ போலோ. அவர் 13-ம் நூற்றாண்டின் இறுதியிலே, அராபியரால் மாபார் என வழங்கப்பட்ட பாண்டி நாட்டுக் கரையை அடைந்தார். அக்காலத்தில் அந்நாட்டை உடன்பிறந்தார் ஐவர் ஆண்டனர் என்றும், அவருள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்க விரும்பினர் என்றும் அவர் எழுதுகின்றார். ஓர்மஸ், கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வாணிகர் அவற்றைக் கொணர்ந்தனர். ஒரு குதிரையின் விலை 100 மார்க்கு வெள்ளிக்கும் மேற்பட்ட பொன். ஆயினும் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுதானும் எஞ்சுவதில்லையாம். குதிரையைப் பேணும் முறையை அந்நாட்டார் அறியாமையும், இலாடங் கட்டி மருத்துவமும் பார்க்கும் தொழிலாளர் அங்கு இல்லாமையுமே காரணம் என்பது அவர் கூற்று. அதனினும் வியப்பானது அவர் தொடர்ந்து கூறுவது. குதிரை வாணிகர் அத்தொழிலாளரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. பிறர் செல்வதையும் தடுத்துவந்தனர். குதிரைகள் நெடுங்காலம் வாழுமாயின் தம் வாணிகம் குன்றும் என அவர்கள் அஞ்சினராம்.

இச்செய்தியின் உண்மையை எடைபோடுதற்குக் குளம்பின் இயல்பை அறிதல் வேண்டும். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் நிற்கும் விலங்கு. அவ்விரலின் இறுதி என்பைச் சூழ்ந்து நகம் போன்ற பொருளாலான சுவர் அமைந்துள்ளது. அச்சுவருக்கும் என்புக்கும் இடையே நுண்ணிய மடல்கள் பல ஒன்றோடொன்று கோத்து நின்று உடற்பாரத்தைத் தாங்குகின்றன. அடிப்பாகத்தில் முக்கோண வடிவான நெகிழ்ச்சியுள்ள மெத்தை ஒன்று உண்டு. சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் வளர்கின்றது. வளர்ச்சியும் தேய்வும் ஒத்திருக்கும்வரை குதிரைக்கு இடரில்லை. தேய்வு மிகின் உட்புறம் நொந்து நொண்டும். வளர்ச்சி மிகின் குளம்பு நீண்டு பிளந்து கால் கோணும். ஈரமும் சாணமும் நிறைந்த இடத்தில் நிற்பின் மெத்தைப்பகுதி அழுகும்.

இவ்வுண்மையை முதன்முதல் தெளிவாக எழுதிவைத்தோருள் ஒருவர் கி. மு. 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கரான செனபன். குதிரையை வாங்குவோன் முதலில் அதன் காலடியையே நோக்கவேண்டும் என்பதும், அடித்தளம் சீரில்லாத வீடு பயன்படாதவாறே குளம்பு சீரில்லாத குதிரையும் பயன்படாது என்பதும் அவர் கருத்து. கைப்பிடியளவான உருண்டைக் கற்களைப் பரப்பி, அவற்றின்மேற் குதிரையை நிறுத்திக் குளம்பை உறுதிப்படுத்தும் முறையையும் அவர் விரித்துரைத்தார். அவர் நூலில் இலாடம் பற்றிய பேச்சே இல்லை. உரோமர் நொந்த காலுக்கு இரும்பாலான செருப்புப் போன்ற ஒன்றை வாரினாற் கட்டினர். ஆணியால் அறையப்படும் இலாடம் எங்குத் தோன்றியதென்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. ஐரோப்பாவில் அது கி. பி. 9, 10-ம் நூற்றாண்டுகளிலிருந்து பரவலாயிற்று.

இலாடம் கட்டுதல் எளிய தொழிலன்று. முதலில் மிகுந்து வளர்ந்த சுவரை அறுத்து, இரு பக்கமும் ஒத்த உயரமாக அரத்தால் அராவுதல் வேண்டும். பின்னர் இரும்பைக் குளம்புக்கேற்ப வளைக்கவேண்டுமேயன்றி, இரும்புக்கேற்பக் குளம்பைக் குறைத்தலாகாது. ஆணிகள் உணர்ச்சியற்ற வெளிச்சுவரிற் புகுந்து வெளியே தலைகாட்டி மடக்கப்படல் வேண்டும். ஓர் ஆணி சிறிது உள்நோக்கிச் செல்லினும் நல்ல குதிரை நொண்டியாகும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை இலாடத்தைக் கழற்றிக் குளம்பைத் திருத்தி மீண்டும் அறையாவிடின், காப்பதற்கென இட்ட இரும்பே கேடாய் முடியும்.

நொண்டும் குதிரையிடத்தே இத்தொழிலாளரின் அறிவு நன்கு புலப்படும். குதிரையை மென்னடையில் ஓட்டுவித்து அதன் தலையை அவர் நோக்குவர். நொந்த முன்கால் நிலத்திற்படும்போது அது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்னர்க் குளம்பிலே கைவைத்து வெம்மையை அறிந்து, குறட்டால் அழுத்தி நோவுள்ள இடத்தைக் காண்பர். ஆணி தைத்ததாயின் அதனைப் பிடுங்கிச் சீழை வெளியேற்றுவர். குதிகால் நொந்ததாயின் பின்புறம் இணைந்த வட்ட இலாடத்தாற் பாரத்தை மாற்றுவர். இத்தகைய அறிவு மார்க்கோ போலோ பிறந்த இத்தாலியில் அவருக்கு முன்னரே நூல்வடிவு பெற்றிருந்தது. இரண்டாம் பிரடரிக் மன்னரின் குதிரை இலாயத்திற் பணிபுரிந்த யோர்தானுஸ் உரூபுஸ் என்பவர், 1250-ல் அம்மன்னர் இறந்ததையடுத்துக் குதிரை மருத்துவம் பற்றி ஒரு நூலை முடித்தார். அத்தகைய நாட்டிலிருந்து வந்தவர்க்குப் பாண்டி நாட்டிலே தொழிலாளர் இல்லாக் குறை உடனே புலப்பட்டதில் வியப்பில்லை.

மார்க்கோ போலோவின் கூற்று தனித்து நிற்பதன்று. அவரை அடுத்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் என்பவரும் இதனையே வேறு வகையாற் கூறுகின்றார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. கடலில் இறந்த குதிரைக்கும் அரசனே விலை கொடுத்தல் வேண்டும் என்பது உடன்படிக்கை. வந்த குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிட்டுச் சமைத்த தானியமும், காய்ச்சிய பசுப்பாலும் அளிக்கப்பட்டன. நாற்பது நாள் முளையிற் கட்டிக் கொழுக்கவைத்த பின், பழக்குதலின்றியே வீரர் அவற்றின்மீதேறிக் கடுகச் செலுத்தினர். சின்னாளில் அவை வலியிழந்தன என்கிறார் அவர். மார்க்கோ போலோவோ இறைச்சியும் சோறும் கலந்து ஊட்டப்பட்டதாக எழுதினார்.

இக்குறிப்புகளை இன்றைய விலங்கு மருத்துவ அறிவோடு ஒப்பிடின் ஓர் உண்மை விளங்கும். புல்லுக்கேற்ற குடலையுடைய குதிரை தானியத்தை மிகுதியாக உண்டால் குளம்பழற்சி என்னும் நோய் தோன்றும். குளம்பினுள் உள்ள மடல்கள் அழன்று நெகிழ, என்பு தன் நிலையிலிருந்து கீழே சரியும். அக்குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே சாய்த்து நிற்கும், நடக்க மறுக்கும். அந்நிலையிற் செலுத்தப்படின் மீளா முடமாகும். வஸ்ஸாப் கூறும் ஊட்டமும் கட்டும் திடீர் ஓட்டமும் இந்நோயை வருவிப்பதற்கு மிகப் பொருத்தமானவை. ஆகவே பாண்டி நாட்டுக் குதிரைகளுட் பலவற்றின் அழிவு வாயில் தொடங்கிக் குளம்பில் முடிந்தது எனக் கொள்ளுதல் இழுக்காகாது. வெப்பமும் புதிய நோய்களும் துணைக்காரணங்களாயிருந்திருக்கலாம்.

இதனாற் பாரத நாட்டார் குதிரை நூலே அறியாதவர் என்று முடிவுசெய்தல் பிழையாகும். சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாத்திர மரபு மிகப் பழையது. குதிரைக்கென மருத்துவரை நியமித்தலையும், அவர் தவற்றால் நோய் மிகுந்தால் தண்டம் விதித்தலையும் அர்த்தசாத்திரம் கூறுகின்றது. எனவே நூலறிவு இல்லாமல் இல்லை. நூலறிவுக்கும் இலாயத்தில் நின்று காலைத் தூக்கிப் பார்க்கும் கையறிவுக்கும் இடையே இருந்த தூரமே பெரிது. அயல் யாத்திரிகரின் எண்களில் மிகையும் இருத்தல் கூடும். ஆயினும் வேறு வேறு நாட்டார் இருவர், ஆண்டுதோறும் புதுக் குதிரை வேண்டியிருந்ததென ஒரே முடிபைக் கூறுதலால் அவர் சான்று முற்றும் தள்ளத்தக்கதன்று.

ஐரோப்பாவிலும் இக்கலை நெடுங்காலம் கொல்லர் பட்டறையிலேயே தங்கியிருந்தது. 1762-ல் பூர்ஜலா என்பவர் பிரான்சின் இலியோன் நகரில் விலங்கு மருத்துவப் பள்ளியைத் திறந்தபின்னரும், 1791-ல் இலண்டனில் அத்தகைய கல்லூரி ஒன்று நிறுவப்பட்டபின்னரும் குளம்பு அறிவியலாராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. எனினும் செனபன் கூறிய கல் நிலத்தின் பயன் பொய்க்கவில்லை. ஐரோப்பியர் காலத்துக் குதிரை வளர்ப்பின் எச்சமாக நெடுந்தீவிலே திரியும் குதிரைகள், முருகைக்கல் நிறைந்த நிலத்தில் இலாடமின்றியே வாழ்கின்றன. வளரும் குளம்பை அந்நிலமே தேய்த்துவிடுகின்றது.

பாண்டி நாட்டரசர் பொன் கொடுத்துக் குதிரையை வாங்கினர். குதிரையைக் காக்கும் கைத்திறனை வாங்கினாரல்லர். விற்போர் அதனைத் தரவுமில்லை. கேட்டுப் பெறுதல் வேண்டும் என்னும் எண்ணம் வாங்குவோர்க்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை. பொருளை மட்டும் பெற்று அதனைப் பேணும் அறிவைப் பெறாத நாடு, விற்பவனுக்கு என்றும் கடன்பட்டே நிற்கும் என்பதே அக்குதிரைகளின் வரலாறு புகட்டும் பாடமாகும்.