நிமோனியா பாக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பு: போடியும் ஏலமலையும்

நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போவது மருந்தெதிர்ப்பு எனப்படும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு நிமோனியா கண்டால் எந்த மருந்து கேட்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை. கிருமி ஊரில் தொற்றியதா, மருத்துவமனையில் தொற்றியதா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஊரில் தொற்றும் நிமோனியாவுக்கு முதன்மைக் காரணம் நியூமோகாக்கஸ். பென்சிலினைச் சிதைக்கும் நொதி இதனிடம் இல்லை. செல்சுவரைக் கட்டும் புரதங்களில்தான் பென்சிலின் போய் ஒட்டும்; அவற்றின் வடிவத்தையே இது மாற்றிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய மரபணுத் துண்டுகள் தொண்டையில் உடன் வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களிடமிருந்து வருகின்றன. வெளியிலுள்ள மரபுப் பொருளை உள்வாங்கும் இத்திறனை பிரெடெரிக் கிரிஃபித் 1928இல் கண்டதும் இதே பாக்டீரியாவில்தான். நொதியே இல்லாததால், அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்த்த விலை கூடிய மாத்திரை நியூமோகாக்கஸிடம் கூடுதலாக எதையும் சாதிப்பதில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆறு இந்திய மருத்துவமனைகளில் 1993 முதல் 1997 வரை நடந்த ஆய்வு, 1999இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பென்சிலினுக்கு இடைநிலை எதிர்ப்புக் காட்டிய நியூமோகாக்கஸ் 1.3 சதவீதம்தான், கோட்ரைமாக்சசோலுக்கோ 56 சதவீதம். அதன்பின் அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்கும் எதிர்ப்பு வளர்ந்தது. சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘மூணு நாள் கோர்ஸ்’ அசித்ரோமைசின்தான். சளியோ பெரும்பாலும் வைரஸால் வருவது.

ஆய்வக அறிக்கையில் ‘பென்சிலின் எதிர்ப்பு’ என்றிருந்தாலும் அது எந்த நோய்க்கு என்று பார்க்க வேண்டும். 2008இல் அமெரிக்க ஆய்வகத் தரவிதிகள் மூளைக்காய்ச்சலுக்கு ஓர் அளவும் நிமோனியாவுக்கு வேறோர் அளவும் வகுத்தன. மூளையுறைக்குள் மருந்து குறைவாகவே புகும். நுரையீரலில் அந்தத் தடை இல்லை. அதனால் மூளைக்காய்ச்சலில் எதிர்ப்புள்ளதாகக் கணக்காகும் அதே கிருமி, நுரையீரலில் ஊசி வழிப் பென்சிலினுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மருத்துவமனையில், குறிப்பாக வென்டிலேட்டரில், தொற்றும் நிமோனியா வேறு கதை. அங்கே முன்னிற்பவற்றுள் ஒன்று கிளெப்சியெல்லா நிமோனியே. நொதியால் மருந்தைச் சிதைக்கும் இது, அந்த மரபணுவைப் பிளாஸ்மிட் வளையங்களில் ஏற்றி அண்டைப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். கடைசி வரிசை மருந்துகளான கார்பபெனெம்களையும் உடைக்கும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதி குறித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக எழுதிய கட்டுரை ஆகஸ்ட் 2010இல் வெளியானது. சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் அது காணப்பட்டது. நொதியின் பெயரில் டெல்லி இருந்ததற்கு எழுந்த சண்டையில் மருந்தைப் பற்றிய பேச்சு கொஞ்ச காலம் பின்னுக்குப் போனது. மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்த 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. மார்ச் 1, 2014 முதல் மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனெம் முதலியவற்றை விற்றால் கடைக்காரர் நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் இப்பட்டியலில் இல்லை. மருத்துவர் சீட்டு மட்டும் கட்டாயம்.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க அம்மாநிலம் 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ தொடங்கியது. பூப்பாறையிலும் உடும்பன்சோலையிலும் பகலெல்லாம் வேலை செய்து மாலையில் போடிக்கு இறங்குபவர் ஒரே நாளில் இரு மாநிலக் கெடுபிடிகளுக்குள் வருகிறார். சளியைக் கல்ச்சருக்குக் கொடுத்தால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். தினக்கூலிக்காரர் அதுவரை காத்திருப்பது அரிது. மருத்துவரும் அனுபவத்தை வைத்தே மருந்தைத் தொடங்குகிறார்.

தமிழ்நாட்டில் ஜூலை 2021 முதல் நியூமோகாக்கல் தடுப்பூசி குழந்தைகளுக்கு ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என இலவசமாகப் போடப்படுகிறது. மருந்துக்கு அடங்காத நியூமோகாக்கஸ்களில் பல, 19எஃப், 14, 23எஃப் போன்ற தடுப்பூசி வகைகளைச் சேர்ந்தவை. தடுப்பூசி அவற்றைக் குழந்தைகளின் தொண்டையில் தங்கவிடாமல் குறைப்பதால், ஊசி போட்டுக்கொள்ளாத பெரியவர்களுக்குப் பரவுவதும் குறைகிறது. கிளெப்சியெல்லாவுக்கு இப்படி ஒரு தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.