பெட்டி மியூசியத்துக்கு, பிரதி யாருக்கு?

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். பழைய பர்சனல் கம்ப்யூட்டரும் அதில் ஓடிய மென்பொருளும் மியூசியத்துக்குப் போகும்போது உண்மையில் கைமாறுவது எது?

கணினி மியூசியத்தின் கதையே ஒரு கம்பெனியில்தான் தொடங்குகிறது. 1979இல் அமெரிக்காவின் மார்ல்பரோவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் தன் கட்டடத்திலேயே ஒரு மியூசியத்தைத் திறந்தது. 1984இல் அது பாஸ்டனுக்குப் போனது, 1999இல் மூடப்பட்டது. அதன் சேகரம் கலிபோர்னியா போய்ச் சேர்ந்து, இன்று மவுண்டன் வியூவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியமாக இருக்கிறது. டிஜிட்டல் கம்பெனியோ 1998இல் காம்பாக்கிடம் விலைபோய்விட்டது. முதலாளி போனான், சாமான் தப்பியது.

சாமானைக் கொடுப்பது சுலபம். 1976இல் வந்த ஆப்பிள்-1 சுமார் இருநூறுதான் செய்யப்பட்டது. கண்ணாடிக்குள் வைத்தால் கூட்டம் பார்க்கும். மென்பொருள் அப்படியல்ல. காசு கொடுத்தவர் பெரும்பாலும் வாங்கியது, பயன்படுத்திக்கொள்ள ஓர் அனுமதி, அவ்வளவுதான். அனுமதியைத் தானம் பண்ண முடியுமா?

உரிமை உள்ளவனே கொடுத்தாலும் சிக்கல் தீருவதில்லை. 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பின் மூல நிரலை 2013இல் அடோபியின் அனுமதியோடு இந்த மியூசியம் வெளியிட்டது. 179 கோப்புகள், சுமார் 1,28,000 வரிகள், முக்கால்வாசி பாஸ்கல் மொழியில். வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் அது சார்ந்து நின்ற மேக்ஆப் என்ற நிரல் தொகுப்பு அதில் இல்லை. அது ஆப்பிளின் சொத்து. வீட்டைக் கொடுத்துவிட்டு, படிக்கட்டு பக்கத்து வீட்டுக்காரருடையது என்று சொன்ன கதைதான்.

அமெரிக்காவின் 1998 பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளின் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. வழக்கொழிந்த வடிவங்களில் உள்ள நிரல்களுக்கு 2003இல் ஒரு விலக்கு கிடைத்தது. காப்பாற்றவும் கையேந்த வேண்டியிருக்கிறது!

இது எங்கோ நடக்கிற சமாச்சாரம் இல்லை. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் பலவும் டிடிபிக்கு மாறின. அப்போது எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். ஒன்றில் 'அ' இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறெதுவோ. தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது, 2010இல் யூனிகோடுக்கு வந்தது. இடைப்பட்ட பிளாப்பிகளை அந்தந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், நம் விவாதமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து கிடக்கும். அந்த எழுத்துருக்களில் எத்தனை விலைக்கு வாங்கியவை? கைமாறிப் படியெடுத்தவையே பல. சட்டம் திருட்டு என்கிற அந்தப் படிதான் சில பிரதிகளுக்குக் கடைசிச் சாவி.

ஆகவே பெட்டியைக் கொடுக்கும் தோழர்கள் எழுத்துருவையும் விசைப்பலகை வரைபடத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். ராப்பகலாக உட்கார்ந்து தட்டியவர்களின் வாய்மொழியையும் பதிவு செய்யவேண்டும். வாங்குகிற நிறுவனம், படியெடுக்கவும் ஓட்டிக் காட்டவுமான உரிமையை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். இல்லையென்றால் மிஞ்சப்போவது கண்ணாடிக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி; அதற்குள் நாம் பேசியது எதுவும் இருக்காது.