மன்னார் மாவட்டம்

மன்னார் மாவட்டம் இலங்கையின் வட மாகாணத்திலுள்ள ஐந்து மாவட்டங்களுள் ஒன்று. மன்னார்த் தீவையும் அதற்குக் கிழக்கேயும் தெற்கேயும் விரியும் பெருநிலத்தையும் உள்ளடக்கியது. பரப்பளவு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வாழ்ந்தனர். நிருவாகத் தலைநகர் மன்னார். பண்டைய மாதோட்டத் துறைமுகம், திருக்கேதீச்சரம், மடு மாதா திருத்தலம், அரிப்புக் கடலின் முத்துச் சலாபங்கள் ஆகியவற்றால் பெயர் பெற்றது. தமிழ்நாட்டுக்கு மிக அருகில் இருப்பது இம்மாவட்டத்துக்குச் செல்வத்தையும் துயரத்தையும் மாறி மாறிக் கொண்டுவந்தது. கடலும் கரையும் தரும் வளத்தைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வி அதன் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

நிலமும் நீரும்

மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான தாழ்நிலம். அதன் வடமேற்கு முனையான தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவுக்கு, ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் அழைக்கப்படும் மணல்திட்டுகள் தொடர்கின்றன. திட்டுகளுக்கு வடக்கே பாக்கு நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. தீவில் பனையும் முட்புதரும் மிகுதி. பள்ளிமுனையிலுள்ள பழமையான பெருக்கமரம் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது மரபு.

பெருநிலப் பகுதி மழை குறைந்த உலர் வலயம். வடகீழ்ப் பருவக்காற்றே மழை தருகிறது. ஆகவே வேளாண்மை குளங்களை நம்பியது. அனுராதபுரம் வழியாக வந்து அரிப்புக்கு அருகே கடலில் கலக்கும் அருவி ஆறு (மல்வத்து ஓயா) மாவட்டத்தின் உயிர்நாடி. தேக்கம் என்ற இடத்தில் மறிக்கப்படும் அதன் நீர், கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பப்படுகிறது. பண்டைக் காலத்தில் கட்டப்பட்டுத் தூர்ந்துபோன இக்குளத்தைப் பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீரமைத்தனர். மாந்தை, நானாட்டான், முருங்கன் வயல்கள் இன்றும் இதை நம்பியே காலபோக நெல் விதைக்கின்றன. வங்காலைச் சரணாலயத்தின் களப்புகளிலும் உவர்நிலங்களிலும் குளிர்காலத்தில் பூநாரைகளும் வலசைப் பறவைகளும் கூடுகின்றன. 2010இல் இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

மாதோட்டம்

மாந்தை என்ற மாதோட்டம் அனுராதபுர அரசின் முதன்மைத் துறைமுகம். பாளி நூல்கள் இதை மகாதித்த என்கின்றன. இந்துமாக்கடலின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான வணிகத்தில் இது சரக்கு கைமாறும் இடமாக இருந்தது. 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான்களும் பாரசீக வளைகுடாப் பகுதி மட்கலங்களும் கிடைத்தன. உள்நாட்டுப் போர்ச் சூழலால் அப்பணி நின்றது.

துறைமுகத்தை ஒட்டி, பாலாவிக் கரையில், திருக்கேதீச்சரம் விளங்கியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம், ஈழத்துப் பாடல்பெற்ற தலங்கள் இரண்டில் ஒன்று. சோழர் ஆட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. அங்கு தாழிகுமரன் என்பவன் இராசராச ஈச்சுரம் என்ற கோயிலை எடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தனர். கோயிற் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழி வந்த செய்தி. 1872இல் ஆறுமுக நாவலர் கோயிலை மீண்டும் எழுப்ப வேண்டுமென அறைகூவினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேர் கந்தையா வைத்தியநாதன் திருப்பணியை முன்னின்று நடத்தினார்.

அயலார் ஆட்சி

16ஆம் நூற்றாண்டில் மன்னார் யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. பிரான்சிசு சவேரியாரின் சார்பாளர் வழியாகக் கத்தோலிக்கம் தழுவிய ஏறத்தாழ 600 பேர் 1544இல் முதலாம் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். மன்னார் மறைசாட்சிகள் என இன்றும் நினைவுகூரப்படுபவர்கள் இவர்களே. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் பிரித்தானியரும் அதைத் தமதாக்கினர். கண்டி அரசனிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், ஒல்லாந்தர் காலத்தில், 1679இல் அருவி ஆற்றைத் தொடர்ந்து நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில் தஞ்சம் புகுந்தார்.

ஆட்சியாளர் அனைவரையும் இக்கரைக்கு இழுத்தது முத்து. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகியவற்றுக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பிப் பார்கள் உள்ளன. சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் சலாபம் (முத்துக்குளிப்பு) கூடும். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு பட்டினமே எழும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த குளியாளிகள் கல்லைப் பற்றி மூழ்கிச் சிப்பி அள்ளினர். பிற்காலச் சலாபங்களில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்கு. எஞ்சியதை அரசு ஏலம் விட்டது. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வையிட அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். கடலரிப்பில் சிதைந்துவரும் அதை ஊரார் அல்லிராணி கோட்டை என்கின்றனர். 1905ஆம் ஆண்டுச் சலாபம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் ஈட்டித் தந்தது. மறு ஆண்டு, பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சிப்பி வளம் குன்றிக் குத்தகையும் பயனற்றுப் போயிற்று.

வழித்தடம்

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம். மலையகத் தமிழரின் வரலாறு தொடங்கிய பாதை இது. 1914இல் தலைமன்னார் தொடருந்துப் பாதையும் தனுஷ்கோடிக்கான கப்பற் சேவையும் தொடங்கின. சென்னையில் ஏறியவர் ஒரே பயணச் சீட்டில் கொழும்பு சேர முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்கள் தலைமன்னார்த் துறையில்தான் கப்பல் ஏறினர். 1980களில் போர் சேவையை நிறுத்தியது. அதன்பின் அகதிகளின் படகுகளே அக்கடலைக் கடந்தன.

மக்கள்

2012 கணக்கெடுப்பில் மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தமிழர், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். சமய அடிப்படையில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர், ஏறத்தாழ கால் பங்கினர் சைவர். இலங்கையில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம் இது. பேசாலை, வங்காலை போன்ற கத்தோலிக்க ஊர்களும், எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பகுதியின் முஸ்லிம் ஊர்களும் கடலையும் வயலையும் நெடுங்காலமாகப் பகிர்ந்து வந்துள்ளன. நாட்டுக்கூத்தும் வாசாப்பும் இம்மண்ணின் கலைகள்.

ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த மாதா திருவுருவம் மடுக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று மடு, இனமும் மொழியும் கடந்து சிங்களவரும் தமிழரும் கூடும் யாத்திரைத் தலம். ஆவணி மாதாத் திருவிழா ஆகஸ்ட் 15 அன்று நிறைவுறும். மன்னார் மறைமாவட்டம் 1981இல் உருவானது. திருத்தந்தை பிரான்சிசு 2015 ஜனவரியில் மடுவுக்கு வந்தார்.

போர்க்காலம்

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார் முஸ்லிம்கள் பெரும்பாலும் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். அங்கேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 1999 நவம்பரில் மடு ஆலய வளாகத்தில் எறிகணைகள் விழுந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் மாண்டனர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் இராணுவம் பெருநிலத்தைக் கைப்பற்றியபோது தமிழ்க் குடும்பங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்தன. போரின் இறுதியில் கணக்கில் வராதுபோன 1,46,679 பேரைப் பற்றி அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றறிந்த பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் சான்றளித்தார். 2015இல் தலைமன்னாருக்குத் தொடருந்து திரும்பியது.

ஆட்சியமைப்பு

1833இல் ஐந்து மாகாணங்கள் வகுக்கப்பட்டபோது மன்னார் வட மாகாணத்தில் சேர்ந்தது. நாடு விடுதலை பெற்றபோது அம்மாகாணத்தின் மூன்று மாவட்டங்களுள் ஒன்றாக இருந்தது. 1978இல் அதன் ஒரு பகுதி புதிய முல்லைத்தீவு மாவட்டத்துக்குப் போனது.

மாவட்டத்தின் தலைமை அலுவலர் மாவட்டச் செயலாளர். மக்கள் வழக்கில் அவர் இன்றும் அரசாங்க அதிபர், ஜீ.ஏ. அவருக்குக் கீழே மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, முசலி, நானாட்டான் என ஐந்து பிரதேச செயலர் பிரிவுகள் உள்ளன. அவற்றுக்கும் கீழே, பழைய விதானையாரின் இடத்தில், கிராம அலுவலர்கள். இவர்கள் அனைவரும் அரசால் நியமிக்கப்படுபவர்கள். மாவட்டம் முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளும் சபை இங்கில்லை. 1981இல் தேர்தல் நடத்தி அமைக்கப்பட்ட மாவட்ட அபிவிருத்திச் சபைகள் நிலைக்கவில்லை.

மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் ஐந்து: மன்னார் நகர சபை, மன்னார், மாந்தை மேற்கு, முசலி, நானாட்டான் பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி ஊர் வீதி, சந்தை, வடிகால், கழிவகற்றல், நூலகம், மயானம் ஆகியவை பிரதேச சபைகளின் பொறுப்பு. போர் முடிந்தபின் 2011இல் தேர்தல் நடந்தது. அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின், ஈராண்டுக்கு மேல் அவை அவற்றின் செயலாளர்கள் கையில் இருந்தன. 2025 மே மாதம்தான் மீண்டும் வாக்களிப்பு நடந்தது. வட மாகாண சபை 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2018இல் காலாவதியானபின் தேர்தலின்றிக் கிடக்கிறது. நாடாளுமன்றத்துக்கு மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டமே அலகு.

இன்றைய நிலை

தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் தம்பபவனி மின்நிலையம் 2020இல் தொடங்கியது. மேலும் காற்றாலைகள் நிறுவுவதையும் இல்மனைட் மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் மக்கள் நெடும் போராட்டம் நடத்தினர். மழைநீர் வடியும் வழிகள் அடைபடும், வலசைப் பறவைகளின் பாதை கெடும், மீன்பிடி குன்றும் என்பன அவர்களின் அச்சங்கள். தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலைகளும் மீன்வளமும் அழிவது இன்னொரு தீராத சிக்கல். 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தபின்னும் அது நீடிக்கிறது.

அன்று முத்துப் பார்களைக் குத்தகைக்கு விட்டவர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் இருந்தனர். இன்று காற்றையும் மணலையும் பற்றிய இறுதி முடிவும் கொழும்பிலேயே எடுக்கப்படுகிறது. மன்னாரின் ஐந்து மன்றங்களுக்கும் அதில் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. கரையில் வாழ்பவர் சம்மதமின்றிக் கரையின் வளத்தைத் தொடக்கூடாது என்ற விதி சட்டமாகும்வரை, மன்னாரின் உள்ளூராட்சி முழுமை பெறாது.