அரசுக்குச் செலவின்றி

அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்று வாதிடும் தரப்பில் அரசின் வழக்கறிஞர் அமர்ந்திருப்பார். அவருடைய ஊதியம் பொதுப்பணம். எதிர்த்தரப்பில் இருப்பவர் கையில் காசிருந்தால் தமக்கொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம்; இல்லையேல் தமக்குத் தாமே வாதாட வேண்டியதுதான். கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அந்நாட்டில் அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. முப்பதாண்டு காலம் அங்கேயே உழைத்து, பிள்ளைகள் பெற்று, ஒரு சட்டத்தாளின் குறையால் நாடுகடத்தப்படவிருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. இந்த முரண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 'தண்டனை' என்னும் ஒற்றைச் சொல்லில் போய் முட்டுகிறோம். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். சொற்களோடு பழகியவர் என்ற முறையிலேயே இவ்வரலாற்றைப் புரட்டத் தொடங்கினோம்.

1882ஆம் ஆண்டிலேயே சீனத் தொழிலாளர் புதிதாக வருவதை அமெரிக்கா தடை செய்துவிட்டது. 1892இல் வந்த கியரி சட்டம், ஏற்கெனவே அங்கிருந்த சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஓராண்டுக்குள் வசிப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் நாடுகடத்தல். தக்க காரணத்தால் பெற இயலவில்லை என்று சொல்பவர், தாம் அங்கு வசித்ததை மெய்ப்பிக்க நம்பத்தகுந்த 'வெள்ளையர்' ஒருவரையாவது சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். சீனரின் வாழ்வுக்குச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிவைத்த சட்டம் வேறுண்டோ என்று நமக்குத் தோன்றுகிறது.

சான்பிரான்சிஸ்கோவில் 'ஆறு கம்பெனிகள்' என்று அறியப்பட்ட சீனச் சங்கங்களின் கூட்டமைப்பு, பதிவு செய்யாதீர்கள் என்று தம் மக்களுக்கு அறிவித்தது. வழக்கு நடத்த ஆளுக்கு ஒரு டாலர் கேட்டது. சலவைக்கடைகளிலும் தோட்டங்களிலும் உழைத்தவர்களின் டாலர்கள் சேர்ந்து, ஜோசப் சோட் போன்ற அக்காலத்துப் பெரும் வழக்கறிஞர்களை உச்சநீதிமன்றத்தில் நிறுத்தின. அரசு தராத வழக்கறிஞரை ஒரு சமூகமே திரண்டு அமர்த்திக்கொண்டது.

அந்த வழக்கு ஃபோங் யூ டிங் என்பவரின் பெயரால் வழங்குகிறது. 1893 மே மாதம் வந்த தீர்ப்பில் சீனர் தரப்பு தோற்றது. வழக்கில் சேர்ந்திருந்த மூவரில் ஒருவர் சீனச் சாட்சிகளையே கொண்டுவந்திருந்தார், அது ஏற்கப்படவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிரே, நாடுகடத்தல் குற்றத்துக்கான தண்டனை ஆகாது என்றார். அயலாரைத் திருப்பி அனுப்புவது இறையாண்மையுள்ள அரசின் நிர்வாகச் செயல். ஆகவே குற்றவாளிக்கு உரிய ஜூரி விசாரணை முதலிய பாதுகாப்புகள் இங்கே பொருந்தா. மூன்று நீதிபதிகள் மறுத்து எழுதினர். வீட்டையும் தொழிலையும் உறவையும் ஒருங்கே பறித்து ஒருவரைக் கப்பலேற்றுவது தண்டனையாகாவிடில் வேறெதுதான் தண்டனை என்பது நீதிபதி புரூயரின் வாதத்தின் சாரம். தமிழில் 'நாடுகடத்தல்' என்றாலே நாம் தண்டனை என்றுதான் பொருள்கொள்கிறோம். ஆனால் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அங்கே அச்சொல்லின் பொருள் வேறாகிவிட்டது.

1903இல் இன்னொரு வழக்கு. ஜப்பானிலிருந்து சியாட்டிலுக்கு வந்திறங்கிய, பதினாறு வயது மதிக்கத்தக்க பெண்ணை அதிகாரிகள் திருப்பி அனுப்ப முற்பட்டனர். முறையான விசாரணையின்றி அயலாரை வெளியேற்றக்கூடாது என்ற நல்ல விதியை உச்சநீதிமன்றம் இவ்வழக்கில்தான் ஒப்புக்கொண்டது. ஆனால் அப்பெண்ணுக்கு அது உதவவில்லை. ஆங்கிலம் தெரியாததால் அவளுக்கு விசாரணையில் பாதகம் நேர்ந்திருந்தால் அது அவளுடைய துரதிர்ஷ்டம் என்று நீதிமன்றம் கருதியது. விதி அவள் பெயரால் நின்றது. அவள் வழக்கில் தோற்றாள்.

இனி 1952க்கு வருவோம். ஜனாதிபதி ட்ரூமனின் வீட்டோவையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய குடிவரவுச் சட்டத்தில், நாடுகடத்தலை எதிர்கொள்பவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு வந்தது. அதை 'உரிமை' என்று சொல்லாமல் 'சலுகை' என்றே குறித்தனர். உடனே ஓர் அடைப்புக்குறி. அதற்குள், 'அரசுக்குச் செலவின்றி' என்று ஒரு தொடர். இலக்கண வகுப்பில் அடைப்புக்குறி பற்றிப் பேசும்போது, விலக்கினாலும் வாக்கியத்தின் பொருள் கெடாத பகுதியை அதற்குள் இடுவர் என்று சொல்வது வழக்கம். இங்கே வாக்கியத்தின் உயிரே அதற்குள் இருக்கிறது.

பதினோராண்டு கழித்து, 1963இல் கிதியன் வழக்கின் தீர்ப்பு வந்தது. ஃபுளோரிடாச் சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய ஓர் ஏழைக் கைதியின் வழக்கு அது. பெருங்குற்ற வழக்குகளில் வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞர் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1967இல் சிறார் நீதிமன்றங்களுக்கும் அந்த உரிமை சென்றது. குடிவரவு நீதிமன்றத்தின் வாயிலில் மட்டும் அது நின்றுவிட்டது. அங்கே நடப்பது 1893 முதல் தண்டனையன்று அல்லவா? 1996இல் காங்கிரஸ், ஏழைகளுக்கான சட்ட உதவிக்கு மத்திய அரசின் பணம் பெறும் அமைப்புகள் குடிவரவு ஆவணமற்றோர் பெரும்பாலோருக்காக வழக்காடுவதைத் தடுத்தது. வேறு கொடையாளர் தந்த பணத்திலும் அவை அதைச் செய்யக்கூடாது.

வழக்கறிஞர் இல்லாத இடத்தில் மோசடிக்காரர் வருவது இயல்பு. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'நோட்டாரியோ' என்றால் உயர்ந்த தகுதியுடைய சட்டவல்லுநர். அமெரிக்காவில் அதே வேரில் பிறந்த சொல் கையெழுத்துக்குச் சான்று வைப்பவரையே குறிக்கும். இந்தச் சொல் மயக்கத்தை மூலதனமாக்கிப் பலகை மாட்டிக்கொண்டவர்களிடம் பணத்தோடு வழக்கையும் பறிகொடுத்தோர் மிகப்பலர்.

இப்படிச் சீரழிந்த வழக்குகள் மேல்முறையீட்டில் வந்து குவிவதைக் கண்டு மனம் பொறாத ஒருவர் நீதிபதி ராபர்ட் காட்ஸ்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதியின் மகன், நியூயார்க்கில் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்தவர், 2021இல் மறைந்தார். 2007இல் நியூயார்க் வழக்கறிஞர் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை பலரை ஒன்றுதிரட்டியது. அவர் கூட்டிய ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்ட எண்களை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். நியூயார்க்கில் தடுப்புக்காவலில், வழக்கறிஞரின்றி நின்றவர்களில் வென்றவர் நூற்றுக்கு 3 பேர். காவலுக்கு வெளியே, வழக்கறிஞரோடு நின்றவர்களில் 74 பேர். வலுவான வழக்கையே வழக்கறிஞர் ஏற்பார், ஆகவே முழு வேறுபாட்டையும் வழக்கறிஞர் கணக்கில் எழுத முடியாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான ஐயமே.

அந்த ஐயத்துக்கு விடை தேட 2013 நவம்பரில் வாய்ப்பு வந்தது. நியூயார்க் நகர மன்றம் 5 லட்சம் டாலர் ஒதுக்கி ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. மன்ஹாட்டனின் வேரிக் தெருவில் உள்ள குடிவரவு நீதிமன்றத்துக்குக் காவலிலிருந்து கொண்டுவரப்படும் ஏழைகளுக்கு முதல் விசாரணை நாளிலேயே ஒரு வழக்கறிஞர் கிடைப்பார். வெல்லும் வழக்கா தோற்கும் வழக்கா என்று பார்ப்பதில்லை; வருமானம் ஒன்றே அளவுகோல். அத்திட்டத்தை மதிப்பிட்ட வேரா நிறுவனம் 2017இல் தந்த கணிப்பின்படி, முன்பு வழக்கறிஞரின்றி 100க்கு 4 பேர் வென்ற இடத்தில் இப்போது 48 பேர் வெல்வர். பொறுக்கி எடுக்காத வழக்குகள் என்பதால் இந்த எண்ணுக்குக் கனம் அதிகம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்: வழக்கறிஞர் இருந்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வெற்றி இல்லை. வழக்கறிஞர் சட்டத்தை மாற்றுவதில்லை. சட்டம் ஏற்கெனவே தந்திருப்பதைக் கண்டெடுத்துத் தருகிறார், அவ்வளவே.

அதே 2017இல் நகரத்தின் மேயர், ஏறத்தாழ 170 வகைக் கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றோருக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்றார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 2,50,000 டாலர் கொடுத்து அவர்களுக்கும் வழி செய்தார். குற்றவாளிக்கே உரிய பாதுகாப்பு என்று கிதியன் வகுத்தது, இங்கே குற்றவாளி என்பதாலேயே மறுக்கப்பட்டது விந்தைதான். மேயர் மீது பழி சொல்லிப் பயனில்லை. உரிமை என்று எழுதப்படாத ஒன்று, வரவுசெலவுத் திட்டம் போடும் ஒவ்வோராண்டும் யாருக்குத் தகும், யாருக்குத் தகாது என்ற பேச்சுக்கு உட்பட்டே தீரும்.

மத்திய அரசும் சிறிது அசைந்தது. 2013இல் கலிஃபோர்னியாவின் மத்திய நீதிமன்ற நீதிபதி டாலி ஜீ, மனநலம் குன்றித் தமக்குத் தாமே வாதாட முடியாத காவல்கைதிகளுக்குச் சார்பாளர் ஒருவரை அரசு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். கலிஃபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களுக்கு அது பொருந்தியது. 2022இல் ஓரிகன் மாநிலம் தன் பணத்தில் சட்ட உதவிக்கு வழி செய்தது.

சிறுவர்களின் கதை இன்னும் முடியவில்லை. துணையின்றி எல்லை கடந்து வந்த குழந்தைகளுக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கில், அரசின் சார்பில் வாக்குமூலம் அளித்த மூத்த குடிவரவு நீதிபதி ஒருவர், தாம் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் குடிவரவுச் சட்டத்தைக் கற்பித்திருப்பதாகச் சொன்னார். பொறுமை வேண்டும், ஆனால் முடியும் என்றார். 2016இல் செய்தித்தாள்களில் அது வெளிவந்தபோது நாடே நகைத்தது. கல்லூரியில் இருபது வயதினருக்கு நன்னூல் கற்பிக்கும் நமக்கும் அவரிடம் கேட்டறிய ஆசைதான்.

2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இத்தகைய சிறாருக்கு 'நடைமுறையில் இயன்றவரை' வழக்கறிஞர் கிடைக்கச் செய்யுமாறு அரசைப் பணிக்கிறது. அதே வாக்கியம் 1952இன் அடைப்புக்குறிப் பிரிவுக்கு இணங்க என்றும் சொல்லி வைத்திருக்கிறது. அச்சட்டத்தைக் கொண்டு அரசுப்பணத்தில் நடந்துவந்த பணிக்கான ஒப்பந்தத்தின் பெரும்பகுதியை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு முறித்தது. அப்போது ஏறத்தாழ 26,000 சிறார் அதன் கீழ் இருந்தனர். ஏப்ரல் முதல் நாள் கலிஃபோர்னியாவின் மத்திய நீதிமன்றம் ஒன்று, பணத்தை நிறுத்தக்கூடாது என்று தற்காலிகத் தடை விதித்தது. வழக்கு விரைவிலேயே 'இயன்றவரை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்னும் வாதமாகிவிட்டது.